பான் நெட்ஒர்க் போடப்போறீங்களா? ஜிகாபிட் அப்புறம், முதல்ல டிபி கணக்கு

கேபிள் டிவி ஓட்டிட்டு இருந்தவங்க ஃபைபர் நெட் பக்கம் வர்றப்போ முதல்ல கேக்குறது ஒரே கேள்விதான், "அண்ணே, ஜிபான் போடவா, இல்ல நேரா எக்ஸ்ஜிஎஸ் பானுக்கே போயிடவா?" (ரெண்டுமே ஃபைபர் நெட் ஸ்டாண்டர்டு பேர், ஜிபான் 2.5 ஜிகாபிட், எக்ஸ்ஜிஎஸ் 10.) நான் திருப்பிக் கேப்பேன், "உன் கண்ட்ரோல் ரூம்ல இருந்து கடைசி கம்பம் வரைக்கும் எத்தனை டிபி லாஸ் ஆகுது தம்பி?" டிபின்னா வழில வெளிச்சம் எவ்ளோ குறையுதுன்னு சொல்ற அளவு. தொண்ணூறு சதவீதம் பேர்கிட்ட பதில் இருக்காது. ஸ்டாண்டர்டு பேர்ல இருக்க 2.5, 10, 50 எல்லாம் பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா வீட்டுல ரெட் லைட் எரியுமா பச்சை எரியுமான்னு முடிவு பண்றது அந்த நம்பர் இல்ல, வெளிச்சம் எவ்ளோ மிச்சம் வந்து சேருதுங்கிறதுதான். அதனால இந்த வழிகாட்டில ஸ்டாண்டர்டு எல்லாம் சொல்லுவேன், ஆனா ஒவ்வொரு ஸ்டெப்லயும் உங்கள டிபி கணக்குக்கே இழுத்துட்டு வருவேன், பொறுத்துக்கோங்க.

முதல் ஸ்டெப்: உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கோங்க

பான்னா பேசிவ் ஆப்டிகல் நெட்ஒர்க். பேசிவ்னு ஏன் சொல்றாங்கன்னா கண்ட்ரோல் ரூமுக்கும் வீட்டுக்கும் நடுவுல கரண்ட் குடுக்க வேண்டிய பொருள் ஒண்ணு கூட கிடையாது. கண்ட்ரோல் ரூம்ல ஓஎல்டிங்கிற மெயின் பெட்டி, வீட்டுல ஓஎன்டிங்கிற சின்னப் பெட்டி, நடுவுல வெறும் கண்ணாடி இழையும், வெளிச்சத்த பல காலா பிரிக்கிற ஸ்ப்ளிட்டரும். பழைய கோஆக்சியல் நெட்ஒர்க்ல தெருவுக்குத் தெரு ஆம்ப்ளிஃபையர் வச்சு, கரண்ட் போனா கூடவே டிவியும் போன காலத்த பாத்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

ஓஎல்டி அனுப்புற வெளிச்சம் அந்த போர்ட்ல இருக்க எல்லா வீட்டுக்கும் போகும். கோயில் ஸ்பீக்கர் மாதிரி, ஊரே கேக்கும், ஆனா யார் பேரச் சொல்றாங்களோ அவங்க மட்டும் எடுத்துக்குவாங்க. பக்கத்து வீட்டுக்காரன் டேட்டா நம்ம ஓஎன்டி வரைக்கும் வருதேன்னு பயப்பட வேண்டாம், ஜிபான்ல கீழ, அதாவது ஓஎல்டில இருந்து வீட்டுக்கு வர்ற டேட்டாவ ஏஇஎஸ்-128ங்கிற என்கிரிப்ஷன் வச்சு பூட்டுறதுக்கு ஸ்டாண்டர்டுலயே வழி இருக்கு. ஈபான்னு இன்னொரு பான் வகை இருக்கு, அதோட முதல் ஸ்டாண்டர்டுல அது கிடையாது, கம்பெனிங்க தனித்தனியா சேத்துக்கிட்டாங்க.

மேல, அதாவது வீட்டுல இருந்து ஓஎல்டிக்குப் போற பக்கம்தான் சிக்கல். அறுபத்து நாலு வீடும் ஒரே இழைல ஒரே அலைநீளத்துல பேசணும், ரெண்டு பேர் ஒண்ணா பேசினா ரெண்டுமே போச்சு. அதனால ஓஎல்டி ரேஷன் கடை மாதிரி டோக்கன் குடுக்குது, உன் நேரம் வந்தா மட்டும் லேசர ஆன் பண்ணு, முடிஞ்சதும் ஆஃப் பண்ணிடு. யாருக்கு எவ்ளோ நேரம்னு க்யூவ பாத்து மாத்திக்கிட்டே இருக்கும், அதுக்கு டிபிஏன்னு பேரு. ஜிபான்ல ஒரு ஃபிரேம் 125 மைக்ரோசெகண்ட், ஃபைபர்ல வெளிச்சம் ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோசெகண்ட் எடுக்கும், அப்போ 20 கிலோமீட்டர் தள்ளி இருக்க வீட்டுக்கு ஒரு பக்கம் போறதுக்கே 100 ஆயிடும். கண்ட்ரோல் ரூமுக்கு எதிர்த்த வீடும் அந்தக் கடைசி வீடும் டோக்கன் நேரத்துல மோதக்கூடாதுன்னா, கிட்ட இருக்கவன கொஞ்சம் காத்திருக்கச் சொல்லணும், எல்லாரும் ஒரே தூரத்துல இருக்க மாதிரி கணக்கு வரணும். இதத்தான் ரேஞ்சிங்னு சொல்றாங்க, புது ஓஎன்டி மாட்டுனதும் பான் லைட் மினுக்கு மினுக்குன்னு மினுக்குறப்போ உள்ள நடக்குற வேலைல இதுவும் ஒண்ணு.

ரெண்டாவது ஸ்டெப்: ஸ்டாண்டர்ட தேர்ந்தெடுக்கிறது

ரெண்டு குடும்பம் இருக்கு. ஒண்ணு ஐடியூ-டிங்கிற உலக டெலிகாம் ஸ்டாண்டர்டு அமைப்போட குடும்பம், டெலிகாம் கம்பெனிங்க 1995-ல எஃப்எஸ்ஏஎன்னு ஒரு குழுவா கூடி ஆரம்பிச்சது. இன்னொண்ணு ஐட்ரிபிள்ஈ குடும்பம், ஈதர்நெட் ஆளுங்களோடது.

ஐடியூ பக்கம் 1998-ல ஜி.983 வந்துச்சு, ஏபான் பிபான்னு பேரு, ஏடிஎம்ங்கிற பழைய டெலிகாம் டேட்டா முறை மேல ஓடுனது, இப்போ யாரும் சீண்டுறது இல்ல. 2003-ல இருந்து ஜி.984 வரிசை, அதுதான் நம்ம ஜிபான், கீழ 2.488 ஜிகாபிட், மேல 1.244. கீழ வர்ற வெளிச்சத்தோட அலைநீளம் 1490 நானோமீட்டர், மேல போறது 1310. ஐட்ரிபிள்ஈ பக்கம் 2004-ல 802.3ஏஎச், அதுல வந்தது ஈபான், ரெண்டு பக்கமும் ஒரு ஜிகாபிட். லைன்ல 1.25 ஓடும், ஆனா 8 பிட்டுக்கு 10 பிட் அனுப்புற கோடிங்னால கால் ஜிகாபிட் அதுலயே போயிடும். ஜப்பான்ல ஈபான் குடும்பம்தான் ரொம்ப வருஷமா கோலோச்சுது, நம்ம பக்கம் கேபிள்காரங்க நிறைய பேர் ஈபான்ல ஆரம்பிச்சதுக்கு ஒரே காரணம் ஓஎல்டி சல்லிசா கிடைச்சதுதான்.

என் அபிப்ராயம் கேட்டா இன்னிக்கு புதுசா ஈபான் போடாதீங்க. 32 வீட்டுக்கு ஒரு ஜிகாபிட்னா எல்லாரும் ஒரே நேரத்துல இழுத்தா தலைக்கு 31 மெகாபிட் கூட முழுசா வராது. ஜிபான்ல அதே 32 வீட்டுக்கு தலைக்கு 75 பக்கம் வரும். ஏற்கனவே ஈபான் ஓடிட்டு இருந்தா அவசரப்பட்டு பிடுங்கவும் வேணாம், கூட்டமான போர்ட்டா பாத்து ஒண்ணொண்ணா மாத்துங்க.

அடுத்த தலைமுறைல 2010-ல எக்ஸ்ஜி-பான் வந்துச்சு, ஜி.987, கீழ 10 மேல வெறும் 2.5. அத விட்டுடுங்க. 2016-ல வந்த எக்ஸ்ஜிஎஸ்-பான் தான் நீங்க பாக்க வேண்டியது, ஜி.9807.1, ரெண்டு பக்கமும் 10. எரர் கரெக்‌ஷனுக்கு கொஞ்சம் போக கீழ சுமார் எட்டரை ஜிகாபிட் கைக்கு வரும். அலைநீளம் கீழ 1577, மேல 1270. ஐட்ரிபிள்ஈ பக்கம் இதுக்குச் சமமா 2009-லயே 10ஜி-ஈபான் வந்துடுச்சு, 802.3ஏவி.

நடுவுல என்ஜி-பான்2 ன்னு ஒண்ணு, ஜி.989, நாலு அலைநீளத்த அடுக்கி 40 ஜிகாபிட். அமெரிக்காவுல வெரைசன் எடுத்துக்கிச்சு, மத்தவங்க ஓஎன்டில அலைநீளம் மாத்திக்கிற லேசர் வேணும்ங்கிற விலையப் பாத்துட்டு ஒதுங்கிட்டாங்க. அதுக்கு மேல 25ஜிஎஸ்-பான், இது ஐடியூ ஸ்டாண்டர்டு கிடையாது, நோக்கியா முன்னாடி நின்னு கம்பெனிங்க சேந்து எழுதிக்கிட்ட ஒப்பந்தம், கூகுள் ஃபைபர் அமெரிக்காவுல 2023-ல அறிவிச்ச 20 ஜிகாபிட் பிளான் இந்த வகைல தான். ஐடியூவோட பதில் 50ஜி-பான், ஜி.9804 வரிசை, 2021-ல முக்கியமான பகுதி முடிஞ்சுது, கீழ 1342 நானோமீட்டர். நம்ம தெருவுக்கு இது இப்போ தேவையே இல்ல, பேர் தெரிஞ்சு வச்சுக்கிட்டா போதும்.

ஒரு எச்சரிக்கை. கடைல ஓஎன்டி பாக்ஸ் மேல "எக்ஸ்பான்"னு போட்ருக்கும். அது 10 ஜிகாபிட் கிடையாது! ஈபான் ஓஎல்டில மாட்டுனா ஈபான், ஜிபான்ல மாட்டுனா ஜிபான், ரெண்டுக்கும் ஒத்துப்போகும்னு தான் அர்த்தம். எக்ஸ்ஜிஎஸ்னு நினைச்சு இருபது பீஸ் வாங்கிட்டு வந்து நின்னவர எனக்குத் தெரியும்.

மூணாவது ஸ்டெப்: டிபி கணக்கு, உக்காந்து போடுங்க

இத ஆர அமர படிங்க. வெளிச்சத்தோட பவர டிபிஎம்ல சொல்லுவாங்க, ஓஎல்டில இருந்து கிளம்புற வெளிச்சம் பிளஸ் 4 டிபிஎம்னா அது ரெண்டரை மில்லிவாட். வீட்டு ஓஎன்டி தாங்குற கடைசி எல்லை மைனஸ் 27 டிபிஎம், அதாவது ரெண்டே மைக்ரோவாட். 3 டிபி குறைஞ்சா வெளிச்சம் பாதி, 10 டிபி குறைஞ்சா பத்துல ஒரு பங்கு. இந்த ரெண்டு வரி மனசுல நின்னா போதும்.

ஓஎல்டி போர்ட்ல சொருகுற லேசர் பீஸுக்கு மாட்யூல்னு பேரு, ஜிபான்ல அதுல ரெண்டு வகைய தெரிஞ்சு வச்சுக்கோங்க. பி பிளஸ்னா மொத்தம் 28 டிபி லாஸ் தாங்கும், சி பிளஸ்னா 32. எக்ஸ்ஜிஎஸ்ல என்1 னா 29, என்2 னா 31.

இப்போ ஒரு லைன் எடுத்துக்குவோம். கண்ட்ரோல் ரூம்ல இருந்து கடைசி வீடு 6 கிலோமீட்டர். 1490-ல கிலோமீட்டருக்கு 0.25 வச்சா 1.5 டிபி. வழில 8 ஸ்ப்ளைஸ் (இழையோட இழைய உருக்கி ஒட்டுன ஜாயிண்ட்), ஒண்ணுக்கு 0.1, மொத்தம் 0.8. கனெக்டர் நாலு எடத்துல, 0.4 வீதம் 1.6. முதல்ல ஒரு 1:4 ஸ்ப்ளிட்டர், 7.2. கம்பத்துல 1:8, 10.5. கூட்டுனா 21.6. இதோட நாளைக்கு எலி கடிச்சு, லாரி இழுத்து, ஜாயிண்ட் மேல ஜாயிண்ட் போடுவோம்ல, அதுக்கு ஒரு 3 டிபி ஒதுக்குங்க. 24.6. பி பிளஸ்ல தாராளமா ஓடும், வீட்டுல மீட்டர்ல மைனஸ் 17.6 காட்டும்.

சரி, காச மிச்சம் பண்ணலாம்னு 1:4 க்கு பதிலா 1:8 போட்டு 64 வீடு ஆக்குறீங்க. லாஸ் 24.9 ஆயிடுது, ஒதுக்கீடோட 27.9. அடடா கரெக்டா 28-க்குள்ள வந்துடுச்சேன்னு சந்தோஷப்படாதீங்க. மேல போற 1310-ல கிலோமீட்டருக்கு 0.35, அப்போ ஃபைபர் மட்டும் 2.1, மொத்தம் 25.5, ஒதுக்கீடோட 28.5. எல்லை தாண்டிடுச்சு. இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க, வீட்டுல மீட்டர் வச்சு பாத்தா மைனஸ் 21, ஜம்முனு இருக்கு, ஆனா கஸ்டமர் அப்லோட் விட்டு விட்டு வருதுன்னு புலம்புவார். கீழ வர்ற வெளிச்சத்த மட்டும் பாத்துட்டு மேல போற வெளிச்சத்த ஓஎல்டி எவ்ளோ வாங்குதுன்னு பாக்கல. ஓஎல்டி ஸ்க்ரீன்ல ஒவ்வொரு ஓஎன்டிக்கும் ஆர்எக்ஸ் பவர், அதாவது அதுகிட்ட இருந்து வாங்குற வெளிச்சம் தனியா காட்டும், மாசம் ஒரு தடவையாவது பாருங்க. 64 வீடு வேணும்னா சி பிளஸ் மாட்யூல் போடுங்க, கொஞ்சம் காசு கூட, ஆனா ராத்திரி தூக்கம் வரும்.

அதிகமா வந்தாலும் ஆபத்து. பி பிளஸ் ஓஎன்டி மைனஸ் 8-க்கு மேல வெளிச்சம் வாங்குனா கண்ணு கூசிப் போயிடும், சிக்னலே புரியாது, ரொம்ப மேல போனா ரிசீவரே போயிடும். டேபிள் மேல ஓஎல்டியையும் ஓஎன்டியையும் ஒரு பேட்ச் கார்ட்ல நேரா மாட்டி டெஸ்ட் பண்றவங்க கவனிங்க, நடுவுல ஒரு 15 டிபி அட்டென்யூவேட்டராவது போடுங்க.

நாலாவது ஸ்டெப்: ஸ்ப்ளிட்டரா, கப்ளரா

நம்ம கேபிள்காரங்களுக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. ஒரே கோர், அதாவது ஒரே இழைய கம்பம் கம்பமா கொண்டு போய், ஒவ்வொரு கம்பத்துலயும் 10/90 கப்ளர் போட்டு பத்து சதவீதத்த அந்தத் தெருவுக்கு இறக்கிட்டு, தொண்ணூற அடுத்த கம்பத்துக்கு அனுப்புறது. ஃபைபர் மிச்சமாகும், சின்ன ஊருக்கு நல்லாவே ஒத்து வரும், தப்பு சொல்ல மாட்டேன். ஆனா எட்டு கம்பத்துக்கும் ஒரே 10/90 போடுறீங்க பாருங்க, அங்கதான் கோளாறு. முதல் கம்பத்துல இறங்குற கால்ல சுமார் 10.5 லாஸ், நேரா வீட்டுக்கு குடுத்தா மைனஸ் 6.5, ஓவர்லோடு. கீழ 1:8 போட்டு குடுத்தா மைனஸ் 17, அருமை. எட்டாவது கம்பத்துக்கு வர்றப்போ ஏழு கப்ளர், ஒண்ணுக்கு 0.7-ம் ஸ்ப்ளைஸ் 0.2-ம் சேத்து 0.9 வீதம் 6.3, அதோட 10.5, அதோட 1:8 க்கு 10.5, மொத்தம் 27.3. ஃபைபரும் கனெக்டரும் இன்னும் சேக்கவே இல்ல! அதனால முதல் கம்பத்துல 5/95, அப்புறம் 10/90, போகப்போக 20/80, 30/70, கடைசிக்கு முந்தினதுல 50/50ன்னு படிப்படியா மாத்தணும். பேப்பர்ல போட்டு, எல்லா கம்பத்துலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சம் இறங்குற வரைக்கும் மாத்தி மாத்தி பாருங்க.

இன்னொண்ணும் இருக்கு, இத யாரும் கடைல சொல்ல மாட்டாங்க. இந்த கப்ளர் எல்லாம் ரெண்டு இழைய சூடு பண்ணி உருக்கி ஒட்டுன வகை, எந்த அலைநீளத்துக்குன்னு செஞ்சாங்களோ அங்கதான் 10/90, தள்ளிப் போனா விகிதம் மாறிடும். 1310, 1490, 1550 மூணும் எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க. நாளைக்கு எக்ஸ்ஜிஎஸ் வந்தா 1270-ம் 1577-ம் இந்த கப்ளர்ல எப்படி நடந்துக்கும்னு அளந்து பாத்தாதான் உண்டு. சிப் மேல செஞ்ச பிஎல்சி ஸ்ப்ளிட்டர்ல இந்தத் தொல்லை இல்ல, 1260-ல இருந்து 1650 வரைக்கும் எல்லாத்தையும் ஒரே மாதிரி பிரிச்சு குடுக்கும். அதனால புது ஏரியாவுக்கு நான் பிஎல்சி தான் போடுறேன், கப்ளர் ஊர்க் கோடில தனியா நாலு வீடு இருக்க எடத்துக்கு மட்டும்.

அஞ்சாவது ஸ்டெப்: இழுக்கிறது, ஒட்டுறது, மாட்டுறது

மெயின் லைனுக்கு ஜி.652டி வகை ஃபைபர், வீட்டுக்குள்ள போற ட்ராப் ஒயருக்கு ஜி.657ஏ1 இல்ல ஏ2. சாதா 652-ஐ 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழ வளைக்கக் கூடாது, 657ஏ1 10 மில்லிமீட்டர் வரைக்கும் தாங்கும், ஏ2 ஏழரை. கதவு இடுக்குல, ஜன்னல் கம்பில ட்ராப் ஒயர எப்படி மடக்கிட்டு வருவாங்கன்னு பாத்தவங்களுக்கு ஏன் ஏ2 வேணும்னு சொல்லத் தேவையில்ல.

கனெக்டர் பச்சையா நீலமா, இத வேலைக்கு வர்ற பையனுக்கு முதல் நாளே சொல்லிடுங்க. பச்சை ஏபிசி, முனை 8 டிகிரி சாய்வா வெட்டியிருக்கும், திரும்புற வெளிச்சம் லேசருக்குப் போகாம ஓரமா சிதறிடும். நீலம் யுபிசி, நேர் முனை. நீலத்த பச்சைல சொருகுனா உள்ள போகும், க்ளிக்னு சத்தமும் வரும், ஆனா முனை முனையோட ஒட்டாது, நாலஞ்சு டிபி அங்கயே காலி, முனையும் கீறல் விழும். பான்ல 1550-ல டிவியும் ஓடுனா பச்சை கட்டாயம்.

அப்புறம் சுத்தம். ஆல்கஹால்ல நனைச்ச டிஷ்யூ, இல்ல க்ளிக் கிளீனர். சட்டைல தொடைக்கிறது, வாயால ஊதுறது ரெண்டும் வேணவே வேணாம். கண்ணு ஜாக்கிரதை, ஃபைபர் முனைய நேரா பாக்காதீங்க, இந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, தெரியாததாலதான் ஆபத்து. டிவிக்கு போட்ருக்க ஆம்ப்ளிஃபையர் பிளஸ் 20 டிபிஎம்னா 100 மில்லிவாட், விளையாட்டு கிடையாது.

இங்க ஒரு கதை சொல்லணும். எங்க லைன்ல ஒரு தெரு, காலைல நல்லா ஓடும், மத்தியானம் பன்னெண்டு மணி ஆனா ஆறு வீட்டுல ரெட் லைட், சாயங்காலம் தானா சரியாயிடும். ஓஎன்டி மாத்தினோம், அடாப்டர் மாத்தினோம், ஸ்ப்ளிட்டரே மாத்தினோம். கூட இருந்த பையன், "அண்ணே, வெயிலுக்கும் நெட்டுக்கும் என்னண்ணே சம்பந்தம், ஜாதகத்துல ஏதோ இருக்கு" ன்னான். ஒரு நாள் மத்தியானம் ஏணி போட்டு ஏறி ஜாயிண்ட் பாக்ஸ திறந்தா, தொட்டா கை சுடுது, காலைல மைனஸ் 19 காட்டுன கோர் மைனஸ் 27.6. ட்ரேல சுத்துன இழை ஒண்ணு, ஒட்டுன எடத்த மூடுற ஸ்லீவ் முனைல டைட்டா மடங்கி, பிளாஸ்டிக் சூட்டுல விரிய விரிய இன்னும் இறுக்குது. விரலால மெதுவா தளர்த்தி விட்டேன், கீழ இருந்து பையன் மீட்டர பாத்துக்கிட்டே கத்துறான், "அண்ணே இருபத்தி நாலு, அண்ணே இருபது, அண்ணே பத்தொம்போதே முக்கால்!" அந்த ட்ரேய சுத்தினது வேற யாரும் இல்ல, நானேதான், போன மழைக்கு அவசர அவசரமா மூடிட்டு இறங்கினது.

இதுல கத்துக்கிட்டது என்னன்னா வளைவுல லாஸ் ஆகுறது அலைநீளம் கூட கூட அதிகமாகும். 1310 தப்பிச்சுடும், 1490 கொஞ்சம் அடி வாங்கும், 1550 நல்லா அடி வாங்கும். அதனாலதான் ஒரே கோர்ல டிவியும் நெட்டும் ஓடுற வீட்டுல முதல்ல "படம் கட்டம் கட்டமா உடையுது"ன்னு போன் வரும், நெட் இன்னும் ஓடிட்டு இருக்கும். அந்த போன அலட்சியம் பண்ணாதீங்க, ரெண்டு நாள்ல நெட்டும் போகப்போகுதுன்னு அர்த்தம். இழைல எங்க எவ்ளோ லாஸ்னு காட்டுற ஓடிடிஆர் மெஷின் இருந்தா 1310-லயும் 1550-லயும் ரெண்டு தடவை அடிச்சுப் பாருங்க, ரெண்டுலயும் ஒரே அளவு லாஸ்னா ஸ்ப்ளைஸ் மோசம், 1550-ல மட்டும் எகிறுனா எங்கயோ மடங்கியிருக்கு. இதே காரணத்துக்காக, ஜிபான்ல ஒழுங்கா ஓடுன லைன் 1577-ல வர்ற எக்ஸ்ஜிஎஸ்க்கு மாத்துனதும் படுத்துக்கும். மாத்துறதுக்கு முன்னாடி மடிப்பு எல்லாம் தேடிப் பிடிச்சு எடுத்துடுங்க.

ஆறாவது ஸ்டெப்: ஓஎன்டிய பதிவு பண்றது

ஈபான்னா மேக் அட்ரஸ் வச்சு பதிவு. ஜிபான்னா சீரியல் நம்பர், பன்னெண்டு எழுத்து, முதல் நாலு எழுத்து கம்பெனி அடையாளம், ஹுவாவேனா எச்டபிள்யூடிசி, இசட்டிஈனா இசட்டிஈஜி, மீதி எட்டும் ஹெக்ஸ். சில ஸ்டிக்கர்ல 48575443ன்னு ஆரம்பிச்சு பதினாறு எழுத்து போட்ருக்கும், பதறாதீங்க, எச்டபிள்யூடிசிங்கிற நாலு எழுத்தத்தான் ஹெக்ஸ்ல எழுதியிருக்காங்க.

வெளிச்சம் வருது ஆனா பதிவாகல, அப்போ என்ன பண்றது? ஓஎன்டியோட வெப் பேஜுக்குள்ள போனா ஓ1-ல இருந்து ஓ7 வரைக்கும் ஒரு நிலை காட்டும். ஓ1னா வெளிச்சமே சரியா வரல, திரும்ப மீட்டர் எடுங்க. ஓ2, ஓ3-ல நின்னுட்டா வெளிச்சம் ஓகே, ஆனா ஓஎல்டி உங்கள இன்னும் ஏத்துக்கல, சீரியல் நம்பர் தப்பா அடிச்சிருக்கீங்க, இல்ல வேற போர்ட்ல பதிவு பண்ணிட்டீங்க. ஓ4 ரேஞ்சிங், அங்க போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தா மேல போற வெளிச்சம் போதல. ஓ5 வந்துட்டா வேலை முடிஞ்சது. ஓ7 எமர்ஜென்சி ஸ்டாப், ஓஎல்டியே அந்த ஓஎன்டிய வாயடைச்சு வச்சிருக்கு.

ஓ5 வந்தும் நெட் வரலைன்னா கோளாறு ஃபைபர்ல கிடையாது, விலான் நம்பர்லயோ, பிபிபிஓஈங்கிற கஸ்டமர் லாகின்லயோ இருக்கும். வேற வேற கம்பெனி ஓஎல்டியும் ஓஎன்டியும் கலந்தா இங்கதான் முரண்டு பிடிக்கும், ஓஎன்டிக்கு செட்டிங் அனுப்புற ஓஎம்சிஐங்கிற மொழி ஜி.988-ல எழுதியிருந்தாலும் ஒவ்வொரு கம்பெனியும் கொஞ்சம் தன் இஷ்டத்துக்குப் பேசும். மொத்தமா வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பீஸ் வாங்கி உங்க ஓஎல்டில ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க.

ஸ்பீடு வரலைன்னு சொல்றவங்க வீட்டுல ஓஎன்டி பின்னாடி லேன் போர்ட்ட பாருங்க. சல்லிசான ஓஎன்டில அது 100 மெகாபிட் போர்ட்டாவே இருக்கும், 300 மெகாபிட் பிளான் வித்துட்டு அத மாட்டுனா கஸ்டமர் திட்டாம என்ன பண்ணுவார்.

ஏழாவது ஸ்டெப்: எக்ஸ்ஜிஎஸ்க்கு எப்போ, எப்படி

எப்போன்னா, ராத்திரி எட்டுல இருந்து பத்தரை வரைக்கும் போர்ட் கிராஃப் எழுபது சதவீதத்த தினம் தாண்டுனா. அதுக்கு முன்னாடி ஓஎல்டில இருந்து வெளி இன்டர்நெட்டுக்குப் போற அப்லிங்க் லைன பாருங்க, எட்டு ஜிபான் போர்ட் சேந்தா 20 ஜிகாபிட், நீங்க மேல குடுத்திருக்கறது ஒரு 10 ஜிகாபிட்னா அடைப்பு அங்க, பான்ல இல்ல. இத பாக்காம எக்ஸ்ஜிஎஸ் கார்டு வாங்கிப் போட்டா மெயின் ரோடு குறுகலா இருக்கப்போ சந்த அகலமாக்குன கதைதான்.

எப்படின்னா, நல்ல விஷயம், ஃபைபரையோ பிஎல்சி ஸ்ப்ளிட்டரையோ தொட வேண்டாம். ஜிபான் 1490, 1310. எக்ஸ்ஜிஎஸ் 1577, 1270. நாலும் வேற வேற, ஒரே இழைல சண்டை இல்லாம ஓடும், நடுவுல 1550-ல டிவியும் போகலாம். காம்போ கார்டுன்னு கிடைக்குது, ஒரே போர்ட்ல ரெண்டு வெளிச்சமும் வரும், ரெண்டு அலைநீளத்தயும் ஒண்ணா சேக்குற டபிள்யூடிஎம் ஃபில்டர் தனியா வேணாம், அதுக்கான லாஸும் மிச்சம். அதிக பிளான் கேக்குற வீட்டுக்கு மட்டும் எக்ஸ்ஜிஎஸ் ஓஎன்டி, மத்தவங்க பழைய ஓஎன்டிலயே இருக்கட்டும். மாத்துன அன்னிக்கே ரெண்டு விஷயம் பாருங்க. ரொம்பப் பழைய ஜிபான் ஓஎன்டில 1577-ஐ தடுக்குற ஃபில்டர் இல்லாம இருந்தா அது குழம்பும், டிவி ரிசீவரும் அப்படித்தான். ஈபான்காரங்களுக்கு மட்டும் இவ்ளோ சுலபம் இல்ல, ஈபான் மேல போறதுக்கு 1260-ல இருந்து 1360 வரைக்கும் அகலமா எடம் பிடிச்சு வச்சிருக்கு, 1270 அதுக்குள்ளயே விழுது, அதனால எக்ஸ்ஜிஎஸ்ஸ அதே இழைல சும்மா ஏத்திட முடியாது. 10ஜி-ஈபான்ல அந்தச் சிக்கல ரெண்டு தலைமுறைக்கும் டோக்கன் நேரத்த பங்கு போட்டுத்தான் சமாளிக்கிறாங்க.

எட்டாவது ஸ்டெப்: ஒரு போர்ட்டே மொத்தமா படுத்தா

ஒரு வீடு போனா ட்ராப் ஒயர், எட்டு வீடு போனா கம்பத்து ஸ்ப்ளிட்டர், இது தெரிஞ்சதுதான். ஆனா வெளிச்சம் எல்லாருக்கும் நல்லா வருது, மைனஸ் 18, மைனஸ் 19, இருந்தும் போர்ட்ல இருக்க எல்லாரும் ஏறி ஏறி இறங்குறாங்கன்னா, எவனோ ஒருத்தன் டோக்கன மதிக்காம லேசர ஆஃப் பண்ணாமலே வச்சிருக்கான். ரோக் ஓஎன்யூன்னு பேரு, ஓஎன்யூங்கிறது ஓஎன்டிக்கு இன்னொரு பேரு. இடி விழுந்த மறுநாள் இது அடிக்கடி வரும். தெருல நின்னு மத்த வீட்டு ஓஎன்டிய மாத்திப் பிரயோஜனமே இல்ல. நல்ல ஓஎன்டிய அளக்க சாதா பவர் மீட்டர் உதவாது, ஓஎன்டி ஓஎல்டி வெளிச்சத்தப் பாத்தாதான் லேசரயே எழுப்பும், அதுவும் துண்டு துண்டாத்தான் அனுப்பும், அத அளக்க நடுவுல சொருகுற பான் மீட்டர் வேணும்.

பான் மீட்டர் இல்லையா? கண்ட்ரோல் ரூம்ல ஒருத்தர ஓஎல்டி ஸ்க்ரீன் முன்னாடி உக்கார வச்சுட்டு, நீங்க முதல் ஸ்ப்ளிட்டருக்குப் போய் ஒவ்வொரு காலா உருவுங்க. எந்தக் கால உருவுனதும் மத்தவங்க எல்லாரும் மேல வர்றாங்களோ அந்தக் கம்பம். அங்க போய் திரும்ப ஒவ்வொரு காலா. நாலும் எட்டும் பன்னெண்டு தடவை உருவுனா ஆள் சிக்கிடுவான். அந்த வீட்டுக்கு வேற ஓஎன்டி மாட்டிட்டு, கழட்டுன பெட்டி மேல மார்க்கர்ல பெருசா ஒரு கிராஸ் போட்டு உடைச்சுப் போடுங்க, லைட் எல்லாம் பச்சையா எரியுதேன்னு ஸ்டாக்ல திரும்ப வச்சீங்கன்னா மூணு மாசத்துல வேற தெருல அதையே தேடிக்கிட்டு ஏணி தூக்குவீங்க.